பீட்டில்ஸா, ஸ்டோன்ஸா, செப்பலினா? பெயர் விடுபட்டவர்கள் பக்கமிருந்து ஒரு பார்வை

பீட்டில்ஸ் பெரிதா, ரோலிங் ஸ்டோன்ஸ் பெரிதா, லெட் செப்பலின் பெரிதா? சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்றால் வெளியூர்த் தோழர்கள் நம்புவதில்லை. நடக்கிறது. திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், அப்பாவோ தாத்தாவோ தப்பட்டை அடித்த வீட்டுப் பிள்ளைகள், போனில் பிரிட்டிஷ் ராக் கேட்கிறார்கள். ஜான் பான்ஹாம் அடித்த டிரம்ஸா, ரிங்கோ அடித்த டிரம்ஸா என்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாதம் போகிறது.

இயக்கத்தில் மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. வெள்ளைக்காரன் பாட்டு நமக்கு எதற்கு என்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்தப் பாட்டுகளைச் சுற்றி நம் ஊரில் ஒரு வேலி இருக்கிறது. பெரிய நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பிங்க் ஃபிளாய்ட் தெரியாதா என்று ஒருவன் கேட்பான். தெரியாது என்று சொன்ன பிள்ளை அன்றிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். கேட்டவனுக்கும் அந்த இசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. அவன் அண்ணன் கேட்டான், அவன் கேட்கிறான், அவ்வளவுதான். அதனால் கேளுங்கள், சண்டையும் போடுங்கள். வரலாற்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள் என்பதுதான் நாங்கள் சொல்வது.

கிட்டாரை யார் வேகமாக வாசித்தார்கள், எந்த ஆல்பம் எத்தனை விற்றது என்று மதிப்பெண் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் கேட்பது வேறு. பாட்டு யாரிடமிருந்து வந்தது, உறையில் யார் பெயர் அச்சானது, காசு எந்தப் பக்கம் போனது? இதை வைத்துப் பார்த்தால் வழக்கமான பட்டியல் தலைகீழாகிறது. சில இடங்களில் நாங்களே எதிர்பார்க்காத விதமாக.

1950இல் சிகாகோவில் மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 'ரோலின் ஸ்டோன்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவால் பண்ணையில் வளர்ந்தவர். நிலம் வெள்ளை முதலாளிக்குச் சொந்தம். பாடுபடுவது கறுப்புக் குடும்பம். விளைச்சலில் பங்கு என்று பேர், வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். நம் பக்கத்தில் பண்ணையத்தில் இருந்த தாத்தாக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்கன்ஃபீல்ட் 1943இல் பண்ணையை விட்டு ரயிலேறி சிகாகோ போனார். அங்கே ஆலைத் தொழிலாளிகள் கூடும் மதுக்கடைகளில் இரைச்சல் அதிகம், சாதா கிட்டார் காதில் விழாது. மின் கிட்டாரை எடுத்தார். பின்னாளில் ராக் என்று உலகம் கொண்டாடிய ஒலியில் பெரும்பங்கு பண்ணையை விட்டு ஓடிவந்த இவரைப் போன்றவர்களுடையது.

1962இல் லண்டனில் சில பையன்கள் தங்கள் குழுவுக்குப் பெயர் தேடியபோது மடி வாட்டர்ஸ் பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தது. இந்தப் பெயர் கைமாறிக் கைமாறி அறுபது வருசம் கழித்து நம் தமிழ்ப் பாடகர் ஒருவர் கதைக்குள்ளும் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

அதே 1962இல் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் குழு ஒன்று ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் வாசித்தது. மான்செஸ்டர் நகரில் அவர்கள் வாசித்தபோது மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பின்னாளில் லெட் செப்பலினைத் தொடங்கிய ஜிம்மி பேஜ் எல்லோரும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1964 மே மாதம் அதே நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். ஒரு நடைமேடையில் கலைஞர்கள், எதிர் நடைமேடையில் வெள்ளை இளைஞர்கள். மழை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண், குளிர் கோட்டுடன் வந்து, மின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தார். காணொளி இணையத்தில் கிடைக்கிறது. பெண்கள் கிட்டார் வாசிப்பதில்லை என்று உங்கள் விடுதியில் எவனாவது சொன்னால் ஒன்றும் பேசாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் கதையில் நம்மை உறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பையன்கள் புளூஸ் இசைக்குப் பைத்தியமாகத் திரிந்த அதே வருசங்களில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பலர் அதை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். அது பருத்திக் காட்டை, கைகட்டி நின்ற காலத்தை நினைவுபடுத்தியது. அவர்களுக்கு வேறு இசை தேவைப்பட்டது. பறையை இனி தொடமாட்டோம் என்று நம் வளவுகளில் எடுத்த முடிவு ஞாபகம் வருகிறதா? இழிவென்று திணிக்கப்பட்ட வேலையை விட்டொழியுங்கள் என்று 1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னார். தமிழ்நாட்டிலும் ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுக்கு அடிக்கப் போகமாட்டோம் என்று ஊர் ஊராகப் பலகையை இறக்கி வைத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், கூலி வேலை மறுக்கப்பட்டார்கள். அந்த முடிவு சரியானது. ஆனால் இறக்கி வைத்ததை வேறொருவர் எடுத்து மேடையேற்றும்போது, எடுத்தவர் பெயர் நிற்கும், வைத்தவர் பெயர் போய்விடும். இதற்கு ஸ்டோன்ஸ் காலம் ஒரு முன்னுதாரணம்.

ஸ்டோன்ஸுக்கு வருவோம். இந்த வாதத்தில் எங்கள் குழுவில் பாதிப் பேர் இவர்கள் பக்கம். 1964 ஜூனில் முதல்முறை அமெரிக்கா போனபோது, சிகாகோவில் மடி வாட்டர்ஸ் பதிவு செய்த செஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போய்ப் பாடினார்கள். அந்த வருசக் கடைசியில் இவர்கள் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எழுதியவர் வில்லி டிக்சன், முதலில் பதிவு செய்தவர் ஹௌலின் வுல்ஃப். இருவருமே மிசிசிப்பிக் கறுப்பர்கள். 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று கூப்பிட்டபோது, ஹௌலின் வுல்ஃபும் மேடையேற வேண்டும் என்று ஸ்டோன்ஸ் கேட்டார்கள். அப்போது அவருக்கு 54 வயது. வெள்ளைப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் அவர் பாட, இவர்கள் காலடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆசானை மேடைக்கு அழைத்துவந்து விட்டுத் தாங்கள் கீழே உட்காருவது நம் ஊரிலும் எத்தனை பேர் செய்கிறார்கள்?

அதற்காக இவர்களைத் தலையில் தூக்கி வைக்க முடியாது. 1968இல் வந்த 'பெக்கர்ஸ் பேங்க்வெட்' ஆல்பத்தில் 'ப்ராடிகல் சன்' என்ற பாட்டு ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில் அச்சாகி வந்தது. அது ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பினப் போதகரின் பாட்டு. பின்னர் திருத்தினார்கள். 1971இன் 'பிரௌன் சுகர்' இன்னும் மோசம். அடிமைக் கப்பலையும் கறுப்பினப் பெண்கள் மீதான வல்லுறவையும் துள்ளாட்டப் பாட்டாக்கினார்கள். ஐம்பது வருசம் மேடைதோறும் பாடிவிட்டு 2021இல்தான் நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார்கள். பெரியவர்களை மதித்தவர்கள், பெண்களை மதிக்கவில்லை. இந்தக் கணக்கு நம் இயக்கங்களுக்கும் பழக்கமானதுதான்.

பீட்டில்ஸ் பக்கம் சொல்ல வேண்டியது 1964 செப்டம்பர் 11. இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில். அந்தப் பக்கமெல்லாம் அரங்கில் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம். டீக்கடையில் இரட்டைக் குவளை மாதிரி. பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் அந்த ஜூலையில்தான் கையெழுத்தாகியிருந்தது, நடைமுறை மாறவில்லை. பிரித்து உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்று பீட்டில்ஸ் அறிவித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். அடுத்த வருசம் கலிபோர்னியா நிகழ்ச்சி ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதி வைத்தார்கள். எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லிவர்பூல் பையன்கள். அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் லிவர்பூல் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பேச்சாக நிற்காமல் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகப் போனதால்தான் இதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். சாதி பார்த்து உட்கார வைக்கும் கோயில் கச்சேரியில் பாடமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்த நம் திரையிசைக் கலைஞர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இதே பீட்டில்ஸ் 1968 பிப்ரவரியில் இந்தியா வந்தார்கள். ரிஷிகேஷ், மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம், தியானம். அதற்கு முன்பே ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றிருந்தார். அமெரிக்காவில் பருத்திக் காட்டுக் கூலிகளின் பாட்டைத் தேடிக் கேட்ட தலைமுறைதான் இது. இந்தியா என்று வந்தபோது அவர்களுக்குக் காட்டப்பட்டது ஆசிரமமும் மந்திரமும் குருகுலமும். வயலில் நடவுப் பாட்டுப் பாடியவர்களையும் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய அடித்தவர்களையும் காட்ட ஆளில்லை. இத்தனைக்கும் நம் பறை அவர்கள் மொழிக்குள் எப்போதோ போயிருந்தது. பறையர் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் எடுத்து, பிறகு 'பரையா' என்று ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக்கிவிட்டது. கருவியின் ஓசை போகவில்லை, வசை மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பீட்டில்ஸுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் ஆசிரமத்தில் பாட்டு எழுதிய வருசத்தையும் கூலி உயர்வு கேட்டவர்கள் எரிந்த வருசத்தையும் ஒரே காலண்டரில் வைத்துப் பாருங்கள் என்கிறோம். மேற்கத்திய ராக் கொண்டாடிய இந்தியாவில் நம் தெரு இல்லை.

இனி லெட் செப்பலின். டிரம்ஸ் அடிப்பவர்கள் எல்லோரும் இவர்கள் கட்சி. காரணமும் உண்டு. 1971இல் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டுக்குப் பான்ஹாமின் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் வைத்து, மாடிப்படியின் மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். தோலின் ஓசையோடு சுவரின் ஓசையும் சேர்ந்து வருகிறது. பறையைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, திறந்த களத்தில் அடிக்கும் நம் ஆட்களுக்கு, ஓசையில் இடமும் ஒரு கருவி என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பாட்டை முதலில் 1929இல் பாடியவர்கள் மெம்ஃபிஸ் மின்னி, கான்சாஸ் ஜோ மெக்காய் என்ற கறுப்பினத் தம்பதி. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. அந்த வெள்ளத்தில் கறுப்பின மக்களைக் கரை மேல் முகாம்களில் அடைத்து, துப்பாக்கி முனையில் கரை கட்ட வைத்தார்கள். செப்பலின் இந்தப் பாட்டில் மின்னியின் பெயரைச் சேர்த்தார்கள்.

வில்லி டிக்சன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. டிக்சனைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். 1915இல் மிசிசிப்பியில் பிறந்தவர். பதின்வயதிலேயே சிறைப் பண்ணையில் கட்டாய வேலை பார்த்தவர். பிறகு குத்துச்சண்டை வீரர். இரண்டாம் உலகப் போருக்கு ஆளெடுத்தபோது, என் மக்களை இப்படி நடத்தும் நாட்டுக்காகச் சண்டை போட மாட்டேன் என்று மறுத்துச் சிறை போனவர். வெளியே வந்து செஸ் நிறுவனத்தில் பாட்டெழுதி, பேஸ் வாசித்து, பிறரைப் பாடவைத்து, சிகாகோ புளூஸ் என்று நாம் சொல்லும் ஒலிக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவரானார். மேலே சொன்ன ஐரோப்பியப் பயணங்களை ஒருங்கிணைத்தவர்களிலும் அவர் உண்டு. அதாவது அந்தப் பிரிட்டிஷ் பையன்கள் கேட்பதற்குக் கடல் தாண்டிப் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்தான்.

1969இல் செப்பலினின் முதல் ஆல்பத்தில் டிக்சனின் இரண்டு பாட்டுகள் அவர் பெயரோடு வந்தன. அதே வருசம் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. உலகமெங்கும் ஓடியது. அதன் வரிகளில் கணிசமான பகுதி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தது. உறையில் இருந்தது செப்பலின் நால்வரின் பெயர். டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் வெளியில் பேசி முடித்துப் பணம் கொடுத்தார்கள். இப்போது அவர் பெயரும் இருக்கிறது. அதே ஆல்பத்தின் 'தி லெமன் சாங்' பாட்டில் ஹௌலின் வுல்ஃபின் பெயரும் சண்டைக்குப் பிறகுதான் சேர்ந்தது.

பதினெட்டு வருசம். அதற்குள் மடி வாட்டர்ஸும் ஹௌலின் வுல்ஃபும் இறந்துபோனார்கள்.

புளூஸில் எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுப்பார்கள், அது நாட்டுப்புற மரபு என்று செப்பலின் ரசிகர்கள் பதில் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே வளவுக்குள் ஒரு அடியை ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து அடிப்பது மரபு. எடுத்ததைத் தன் பெயரில் பத்திரம் பதிவது மரபல்ல. செஸ் நிறுவனத்தோடு சேர்ந்த பதிப்பக நிறுவனத்தின் மீதும் டிக்சனும் மடி வாட்டர்ஸும் 1970களில் வழக்குப் போட வேண்டி வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சுரண்டல் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. டிக்சன் தன் கடைசிக் காலத்தில், ஏமாற்றப்பட்ட முதிய கலைஞர்களுக்கு உரிமைத் தொகை வாங்கித் தருவதற்காகவே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். இன்று அது இயங்குவது, அவர் ஒருகாலத்தில் வேலை பார்த்த அதே செஸ் கட்டடத்தில்.

எங்கள் கணக்கில் செப்பலின் இசைக்கு முதல் வரிசை, நேர்மைக்குக் கடைசி வரிசை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பான்ஹாமை ரசிப்பதற்காக டிக்சனை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் பெயர் சொன்னால் போதுமா? போதாது. எரிக் கிளாப்டன் வாழ்நாள் முழுக்க ராபர்ட் ஜான்சன் உள்ளிட்ட கறுப்பினக் கலைஞர்களைத் தன் குருமார் என்று சொன்னவர். ஜான்சனின் பாட்டுகளை மட்டுமே வைத்து 2004இல் ஒரு ஆல்பமே போட்டார். 1974இல் அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய பாட்டு. அதே கிளாப்டன் 1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்காம் மேடையில், குடியேறிகள் பிரிட்டனை விட்டுப் போக வேண்டும், ஈனாக் பவல் சொன்னது சரி என்று பேசினார். கறுப்பர்களையும் ஆசியர்களையும் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. பவல் யாரென்றால், 1968 ஏப்ரலில் அதே பர்மிங்காமில், குடியேற்றம் தொடர்ந்தால் நாட்டில் ரத்தம் ஓடும் என்ற பொருளில் பேசிய அரசியல்வாதி. கிளாப்டன் பேசுவதற்கு இரண்டு மாதம் முன்புதான் லண்டனின் சௌத்தால் பகுதியில் குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது மாணவரை இனவெறியர்கள் குத்திக் கொன்றிருந்தார்கள். 2018இல் அந்தப் பேச்சுக்காக வெட்கப்படுவதாகக் கிளாப்டன் சொன்னார்.

பாட்டு வேண்டும், பாடியவன் பக்கத்து வீட்டில் வேண்டாம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் தப்பட்டைக்கு ஆடிவிட்டு, பந்தியில் அடித்தவனைத் தனியாக உட்கார வைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் தூரமில்லை.

அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாக இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம். சின்னச் சின்ன ஊர்களில் கறுப்பினக் குழுவையும் வெள்ளைக் குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டனின் நடுவில் உள்ள டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம், முடிவில் இசை. 80,000 பேருக்குக் குறையாமல் வந்தார்கள் என்பார்கள். தி கிளாஷ் வாசித்தார்கள். கூடவே பர்மிங்காமின் கறுப்பின இளைஞர்கள் சேர்ந்த ஸ்டீல் பல்ஸ், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன் பாடிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். கிளாஷின் கிட்டார் செப்பலின் பக்கத்தில் நிற்காது என்று விடுதியில் சொல்கிறார்கள். நிற்காதுதான். ஆனால் 1977இல் ஜூனியர் மர்வினின் ஜமைக்கப் பாட்டை எடுத்துப் பாடியபோது அவர் பெயரோடு பாடினார்கள். அதற்கு அடுத்த வருசம், அந்தப் பாட்டைக் கொண்டுவந்த மக்களோடு தெருவில் நின்றார்கள். எங்கள் பட்டியலில் முதலிடம் இவர்களுக்குத்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது கொண்டாட்டமாக முடிந்துவிடும். அந்தத் திருவிழாவுக்கு நான்கு நாள் கழித்து, மே 4 மாலை, அதே கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்கதேசத்துத் தையல் தொழிலாளியை வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொன்றார்கள். இசை கொலையைத் தடுக்கவில்லை. அவர் சவப்பெட்டியின் பின்னால் ஆயிரக்கணக்கான வங்கதேசத்தவர் பிரதமர் அலுவலகம் இருந்த தெரு வரை நடந்தார்கள். அவர் கொல்லப்பட்ட இடத்தருகே இருந்த பூங்காவுக்கு இன்று அவர் பெயர்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுவோம். நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தம்பிகளுக்கு பிளாக் சபாத் பிடிக்கிறது. காரணமில்லாமல் இல்லை. பர்மிங்காமின் ஆலைப் பகுதிப் பையன்கள் அவர்கள். டோனி ஐயோமி 17 வயதில் தகரப் பட்டறை எந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் நுனி செய்து மாட்டிக்கொண்டு, பிறகு கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த ஒலிக்கு ஒரு பெரும் காரணம் அந்தக் காயம். மெட்டல் இசை என்ற பேருக்கு இவ்வளவு பொருத்தமான ஆள் வேறில்லை.

குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி நம்ம ஆளு, பாஞ்ச்கனியில் படித்தவர் என்று ஒரு வாதம் வரும். பார்சிக் குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்து, மகாராட்டிரத்து விடுதிப் பள்ளியில் படித்தவர்தான். குரலுக்கு ஈடில்லை. ஆனால் நிறவெறி அரசைப் புறக்கணிக்கச் சொல்லி ஐ.நா. கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1984 அக்டோபரில் குயீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டிக்குப் போய் வாசித்தது. பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. அதே 1984 மார்ச்சில் கோவென்ட்ரி நகரத்தின் ஸ்பெஷல் ஏகேஏ, மண்டேலாவை விடுதலை செய் என்ற பாட்டைப் போட்டிருந்தது. நம்ம ஆளா என்பது பிறப்பால் முடிவாவதில்லை. இதை நாம் சொல்லாமல் யார் சொல்வது?

இப்போது அந்த 'ரோலின் ஸ்டோன்' பெயருக்கு வருவோம். மடி வாட்டர்ஸின் பாட்டுத் தலைப்பு 1962இல் ஒரு பிரிட்டிஷ் குழுவின் பெயரானது. 1967இல் அமெரிக்காவில் ஓர் இசைப் பத்திரிகையின் பெயரானது. பிறகு அதற்கு இந்தியப் பதிப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் அந்த 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ, ஷான் வின்சென்ட் டி பால் இருவரும் வந்தார்கள். அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த பாட்டுகளில் முக்கியமானவை 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி'. இரண்டிலும் எழுத்து தெருக்குரல் அறிவு. முதல் பாட்டில் அவர் குரலும் முகமும் கூட உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அதை அவர் எடுத்தார். அட்டையில் அவர் இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பெருங்கூச்சல் எழுந்த பிறகு அறிவு இடம்பெற்ற டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டை மேடையேற்றியபோதும் அறிவு இல்லை. யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் தனித்தனியாக விளக்கம் எழுதினார்கள். 2024இல், இந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். மூவருக்கும் நடந்த வாதத்தில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மிசிசிப்பிப் பண்ணையாள் ஒருவரின் பாட்டிலிருந்து பெயர் எடுத்த பத்திரிகை, பண்ணையாள் பேரன் ஒருவரை அட்டையில் விட்டுவிட்டது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் சொல்லைப் பெயரில் ஏந்தி, 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அலங்காநல்லூர்ப் பறை ஆசான் வேலு 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். இவையெல்லாம் மகிழ்ச்சி. சென்னைக்கும் மதுரைக்கும் நடந்தது. நம் சமவெளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊர் ஊராகப் பண்டிகை நடக்கும்போது, சின்ன ஊர்களின் நோட்டீஸ்களை எடுத்துப் படியுங்கள். மண்டகப்படிக்காரர் பெயர் சாதியோடு இருக்கும். நாதஸ்வரக்காரர் பெயர் பட்டத்தோடு இருக்கும். வாணவேடிக்கை உபயம் யார், பந்தல் உபயம் யார் என்று இருக்கும். கடைசியில் 'தாரை தப்பட்டை முழங்க' என்று ஒரு வரி. முழக்கியவர் யார் என்று இருக்காது. வில்லி டிக்சன் பெயரில்லாத அந்த ஆல்பம் உறை எங்களுக்குப் புதிதாகத் தெரியாததன் காரணம் இதுதான்.

சென்ற வருசம் ராசிபுரம் வட்டாரத்தில் ஓர் ஊரில், பான்ஹாம் கட்சிக்காரர்களான மூன்று மாணவர்கள், அச்சாரம் கொடுக்க வந்தவர்களிடம் ஆசான் பெயரை நோட்டீஸில் போடச் சொன்னார்கள். வந்தவர்கள் சிரித்தார்கள். ஆசானே, எதுக்குப்பா வம்பு, கூலியைச் சரியாக் கொடுக்கச் சொல்லு போதும் என்றார். பிள்ளைகள் விடவில்லை, அச்சகம் வரைக்கும் போனார்கள். நோட்டீஸ் அச்சாகி வந்தபோது ஆசான் பெயர் இல்லை. 'தாரை தப்பட்டை' என்பதற்குப் பின்னால் 'குழுவினர்' என்ற ஒரு சொல் மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. இந்த ஆடிக்கு மறுபடியும் போகப் போகிறார்கள். அதற்குள் வட்டாரத்தில் அடிக்கத் தெரிந்த பெரியவர்களின் அடிகளைப் போனில் பதிவு செய்து வருகிறார்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அடிப்பவர் தன் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்று தன் வாயாலேயே சொல்கிறார். சிலர் மூன்று தலைமுறை ஆசான்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத்தான் குச்சியைக் கையில் எடுக்கிறார்கள்.